கமக்காரர் அமைப்பு மானியப் பட்டியலுக்கு மட்டுந்தானா? வலிகாமத்திலிருந்து ஒரு கேள்வி

செம்மண் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் வெங்காயமும் மரவள்ளியும் செய்யும் தோட்டக்காரன். மாரி மழையோடு விதைக்கும் காலபோகத்தில் வீட்டுச் சாப்பாட்டுக்கென்று கொஞ்ச வயலும் விதைக்கிறேன். நல்லூர்த் திருவிழா முடிந்த கையோடு எங்கள் ஊர்க் கமக்காரர் அமைப்பின் ஆண்டுப் பொதுக்கூட்டம் நடந்தது. அதில் என்னைச் செயலாளராகத் தெரிவு செய்தார்கள். முன்னைய செயலாளர் ஐயா ஒரு தகரப் பெட்டியை என்னிடம் கையளித்தார். உள்ளே பற்றுச்சீட்டுப் புத்தகம், இறப்பர் முத்திரை, மூன்று கூட்டறிக்கைப் புத்தகங்கள் என்பன இருந்தன.

அந்த மூன்று புத்தகங்களையும் இரண்டு இரவுகள் இருந்து வாசித்தேன். முதலாவது புத்தகத்தில் வாய்க்கால் துப்புரவு, கட்டாக்காலி மாடு, பங்குக் கிணற்று முறைத் தகராறு, விதைப்புத் திகதி, வண்டிப் பாதைக்கு மண் போடுதல் என்று பக்கத்துக்குப் பக்கம் வேறு வேறு அலுவல்கள் பதிவாகியிருக்கின்றன. மூன்றாவது புத்தகத்திலோ ஏறத்தாழ எல்லாக் கூட்டங்களும் ஒரே விடயத்தைப் பற்றியவை: மானியப் பசளைக்கான பெயர்ப்பட்டியல். பசளை வருகிறது என்றால் வருகைப் பதிவு இரண்டு பக்கத்துக்கு நீள்கிறது. வராத ஆண்டுகளில் நிறைவெண் இல்லாமையால் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது என்று எழுதி ஒப்பமிட்டிருக்கிறார்கள்.

2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ்ப் பதிவுசெய்யப்பட்ட அமைப்பு எங்களுடையது. தலைவர், செயலாளர், பொருளாளர் எவருக்கும் சம்பளம் இல்லை. அவரவர் தோட்ட வேலையை விட்டுவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும். அப்படியிருக்க, அரசின் கமநல சேவை நிலையத்து உத்தியோகத்தர்கள் சம்பளத்துக்குச் செய்யக்கூடிய பட்டியல் வேலைக்காகவா ஊரவர் ஓர் அமைப்பை வைத்திருக்க வேண்டும்? உங்கள் ஊர்களில் இவ்வமைப்புகள் உண்மையில் என்ன செய்கின்றன என்பதை அறிய விரும்புகிறேன்.

வழுக்கியாறு எழுதியது:

தம்பி, நல்ல கேள்வி. நான் பதினொரு ஆண்டுகள் பொருளாளராக இருந்தவன். எங்கள் பக்கம் வயல்தான் பிரதானம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறு என்று சொல்லத்தக்கது வழுக்கியாறு ஒன்றுதான். அதுவும் மாரியில் மட்டும் ஓடுவது. தெல்லிப்பழைப் பக்கத்து வெள்ளம் கந்தரோடை, சண்டிலிப்பாய் வழியாக இறங்கி அராலியில் கடல்நீரேரிக்குள் போய்ச் சேருகிறது. வழியில் எத்தனை மதகுகள், எத்தனை கிளை வாய்க்கால்கள், எத்தனை தாழ்ந்த வயல்கள்! மேல் ஊரில் ஒரு மதகு அடைத்தால் அங்கே நெல் அழுகும். திடீரென்று திறந்துவிட்டால் கீழ் ஊரில் வரம்பு உடையும். இதைத் தனி ஒரு கமக்காரன் தன் காணிக்குள் நின்றுகொண்டு தீர்க்க முடியாது. ஊர் அமைப்புக்கு உரிய முதல் வேலை இதுதான் என்பது என் எண்ணம்.

ஒரு கார்த்திகை மாதத்தில் மூன்று நாள் விடாமல் பெய்தது. இருபது நாள் பயிர் தலை தெரியாமல் தாண்டுபோய்க் கிடந்தது. மறுநாள் விடிய ஐந்து பேராகப் போய் மதகைப் பார்த்தோம். மதகின் வாயில் ஆகாயத்தாமரை திரண்டு, அதற்குள் பொலித்தீன் பைகள் சிக்கி, அவற்றுக்கும் உள்ளே யாரோ எறிந்த தும்பு மெத்தை ஒன்று நீரில் ஊறிக் கல்லுப்போல இறுகிக் கிடந்தது. இடுப்பளவு தண்ணீரில் நின்று அலவாங்கால் நெம்பி, கத்தியால் துண்டு துண்டாக வெட்டி இழுத்தோம். மெத்தையின் கடைசித் துண்டு வெளியே வந்ததும் தண்ணீர் கால்களை இழுத்துக்கொண்டு பாய்ந்தது. பின்னேரம் போய்ப் பார்த்தபோது வயலெங்கும் நெற்பயிரின் நுனிகள் விரலளவு வெளியே தெரிந்தன. அந்த ஐந்து பேரில் இருவருக்கு அந்த வயல்வெளியில் ஒரு பரப்பு வயல்கூட இல்லை.

அதே வேலையைப் புரட்டாதியில், காய்ந்த வாய்க்காலில், ஒரு காலைப்பொழுதில் செய்து முடித்திருக்கலாம். அடுத்த ஆண்டிலிருந்து காலபோக ஆரம்பக் கூட்டத்துக்கு முன்னர் மதகு மதகாக நடந்து பார்ப்பதை வழக்கமாக்கினோம். அந்த ஆரம்பக் கூட்டத்தைப் பலர் சடங்கென்று நினைக்கிறார்கள். அது தவறு. விதைப்புத் தொடங்கும் திகதி, மாடுகளை வயல்வெளியிலிருந்து அப்புறப்படுத்தும் திகதி, எத்தனை மாத நெல்லினம் விதைப்பது என்பனவெல்லாம் அதிகாரிகள் முன்னிலையில் அங்கேதான் தீர்மானமாகின்றன. ஒரு வெளி முழுவதும் ஏறத்தாழ ஒரே வயது நெல் நின்றால்தான் அறுவடை இயந்திரம் ஒரே முறையில் வந்து வெட்டிவிட்டுப் போகும். நடுவில் ஒருவர் நான்கு மாத இனத்தை விதைத்துவிட்டால், இயந்திரம் அவர் பயிரை மிதித்துக்கொண்டு உள்ளே போகவும் முடியாது, உள்ளேயுள்ளவர் நெல் உதிராமல் காத்திருக்கவும் முடியாது. தை மாதத்தில் வரும் சண்டைகளில் பாதி இதனால்தான்.

வாழைத் தோட்டம் எழுதியது:

ஐயா கூறுவது வயலுக்குப் பொருந்தலாம். தோட்டக்காரனாகிய எனக்கு அமைப்பின் மேல் நம்பிக்கை போய்விட்டது. 2020 டிசம்பரில் புரெவிப் புயலின்போது குலை தள்ளிய வாழைகள் அடியோடு சரிந்தன. இழப்பு விபரம் எழுதப்பட்ட பட்டியலில் என் பெயர் இல்லை. கேட்டபோது, அன்று நான் வீட்டில் இருக்கவில்லை என்றார்கள். நிர்வாக சபையில் இருந்தவர்களின் உறவினர் பெயர்கள் மட்டும் ஒன்றும் தவறவில்லை. அதன் பின் நான் சந்தாப் பணம் கட்டவும் இல்லை, கூட்டத்துக்குப் போகவும் இல்லை.

ஓய்வுபெற்ற போதனாசிரியர் எழுதியது:

வாழைத் தோட்டம் அவர்களின் மனவருத்தம் நியாயமானது. முப்பது ஆண்டுகள் விவசாயப் போதனாசிரியராக இருந்து இத்தகைய முறைப்பாடுகளைப் பல ஊர்களில் கேட்டிருக்கிறேன். பெரும்பாலான இடங்களில் குற்றத்தின் வேர், இழப்பு நடந்த பிறகு பட்டியல் எழுதத் தொடங்குவதில் இருக்கிறது. காற்றில் விழுந்த வாழை நாலு நாளில் அழுகிவிடும். வெள்ளத்தில் அழுகிய வெங்காயத்தை உழுதுவிடுவார்கள். பிறகு யார் என்ன செய்திருந்தார்கள் என்பதற்கு எந்த ஆதாரமும் இருக்காது. நடுகை முடிந்த இரண்டு வாரத்துக்குள் அமைப்பு ஒரு பயிர்ப்பதிவேட்டை எழுதி முடித்துவிட வேண்டும். காணித்துண்டு எது, செய்பவர் யார், எத்தனை பரப்பு, என்ன பயிர், எப்போது நட்டது, அயல்தோட்டக்காரர் ஒருவரின் கையொப்பம். இவ்வளவுதான். அந்தப் பதிவேட்டின் பிரதி ஒன்று கமநல சேவை நிலையத்திலும் இருந்தால், புயலுக்குப் பிறகு எவர் பெயரையும் எவரும் விடவும் முடியாது, புதிதாகச் சேர்க்கவும் முடியாது. கமத்தொழில் காப்புறுதிக்கு விண்ணப்பிப்பவருக்கும் அதே பதிவு கைகொடுக்கும்.

இன்னொரு விடயத்தையும் இங்கே சொல்ல வேண்டும். என் மனதில் நெடுநாளாக இருப்பது. நமது குடாநாட்டின் நிலத்தடி சுண்ணாம்புக்கல். மழைநீர் அதன் வெடிப்புகளூடாக இறங்கி, கீழேயுள்ள உவர்நீரின் மேல் நன்னீர்ப் படலமாக நிற்கிறது. நாம் இறைப்பது அந்தப் படலத்தை. ஒரு கிணற்றில் இரண்டு அங்குல வாட்டர் பம்பைப் பூட்டி விடியவிடிய இறைத்தால் அடியிலிருந்து உவர் மேலே ஏறும். ஏறியது மழை வந்தவுடன் இறங்கிவிடும் என்றும் நம்பியிருக்க முடியாது. துலா மிதித்த காலத்தில் மனித உடம்பின் களைப்பே இறைப்புக்கு எல்லையாக இருந்தது. இப்போது அந்த எல்லையை ஊர்தான் வகுக்க வேண்டும். நம் பங்குக் கிணறுகளில் இன்னாருக்கு இந்த நாள் என்று முறை வைத்து இறைத்த வழக்கம் வெறும் தகராறு தீர்க்கும் ஏற்பாடு மட்டும் அல்ல. ஒரு முறைக்கும் அடுத்த முறைக்கும் இடையில் கிணறு ஊறுவதற்கும் அது இடம் கொடுத்தது.

அதே சுண்ணாம்புக்கல் வழியாக நாம் போடும் யூரியாவும் இறங்குகிறது. குடிநீரில் நைத்திரேற்று ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. வலிகாமத்துத் தோட்டக் கிணறுகள் பலவற்றில் அந்த அளவு தாண்டியிருப்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் காணப்பட்டிருக்கிறது. கைக்குழந்தைக்குப் பால்மா கரைத்துக் கொடுக்கும் தண்ணீர் அது. வெங்காயத்துக்கு எவ்வளவு யூரியா போடுகிறீர்கள் என்று கேட்டால், பக்கத்துத் தோட்டக்காரர் போட்டதை விடக் கொஞ்சம் கூட என்பதுதான் பலர் தந்த விடை. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரே வீச்சில் தடைசெய்து, நவம்பர் பிற்பகுதியில் அதைத் தளர்த்தும்வரை கமக்காரர் பட்ட பாட்டை நான் நியாயப்படுத்தவில்லை. அது செய்யக்கூடாத முறையில் செய்யப்பட்டது. ஆனால் அந்த மாதங்களில், பூவரசங்குழையும் கிளிசறியாக் குழையும் பசளையாக மண்ணில் தாழ்த்தி, தோட்டத்தில் மாட்டுப்பட்டி கட்டியவர்கள், மற்றவர்களைவிடத் தாக்குப்பிடித்ததைக் கண்டேன். ஊரமைப்பு தன் உறுப்பினர்களின் மண் மாதிரிகளை ஒன்றாகச் சேர்த்துப் பரிசோதனைக்குக் கொடுத்தால், எங்கே எதைக் குறைக்கலாம் என்பது தெரியவரும். தனித்தனியே எவரும் அதைச் செய்வதில்லை.

வடமராட்சி மிளகாய் எழுதியது:

2022இல் மண்ணெண்ணெய் இல்லாமல் போன மாதங்களை இங்கு எவரும் மறந்திருக்க மாட்டீர்கள். எங்கள் ஊருக்கு ஒதுக்கப்பட்ட சிறிதளவு எண்ணெயைப் பங்கிட வேண்டிய பொறுப்பு அமைப்பின் தலையில் விழுந்தது. தலைவரும் செயலாளரும் ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு தோட்டம் தோட்டமாக நடந்தார்கள். யாரிடம் எத்தனை பரப்பு என்பதை மட்டும் எழுதவில்லை. பயிர் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதையும் எழுதினார்கள். பூத்து நிற்கும் மிளகாய்க்கும் காய் பருக்கும் வெங்காயத்துக்கும் முதல் இடம், நாற்றுமேடைக்கு அடுத்த இடம், வாழைக்கு இறுதி இடம் என்று தீர்மானித்துப் பட்டியலைச் சனசமூக நிலையச் சுவரில் ஒட்டினார்கள். வாழை வைத்திருந்தவர்கள் கோபப்பட்டார்கள். அன்று மாலை அவர்களையும் கூப்பிட்டு, வாழை இன்னும் ஒரு கிழமை தாங்கும், பூ உதிர்ந்த மிளகாய் திரும்பிப் பூக்க ஒரு மாதம் ஆகும் என்று பேசி இணங்கவைத்தார்கள்.

அந்தப் பட்டியலில் ஒரு பிழையும் நேர்ந்தது. குத்தகைக்குச் செய்த இருவரின் பெயர்கள் விடுபட்டிருந்தன, ஏனென்றால் உறுப்பினர் ஏடு காணிச் சொந்தக்காரர் பெயரில் இருந்தது. மறுநாள் பென்சிலால் கீழே எழுதிச் சேர்த்தார்கள். அந்த இருவரில் ஒருவர் என் மூத்த தமையன்.

கத்தரிக் கொல்லை எழுதியது:

வடமராட்சித் தம்பி கடைசியில் சொன்ன இடத்திலிருந்து தொடங்குகிறேன். என் கணவர் இறந்து பதினாறு ஆண்டுகள் ஆகின்றன. ஆறு பரப்பில் கத்தரியும் பயற்றங்காயும் செய்து இரண்டு பிள்ளைகளைப் படிப்பித்தேன். காணி என் மாமனார் பெயரில். அதனால் அமைப்பின் ஏட்டில் நான் நெடுங்காலம் உறுப்பினர் அல்ல. கூட்டத்துக்குப் போனால், வீட்டிலிருந்து ஆண்கள் ஒருவரும் வரவில்லையா என்றுதான் முதலில் கேட்பார்கள். எங்கள் ஊர்த் தோட்டங்களில் களை பிடுங்குவதும், வெங்காயம் வெட்டிப் பிடி கட்டுவதும், மருந்தடித்த அடுத்த நாள் புழு பார்ப்பதும் பெரும்பாலும் பெண்கள். எந்தப் பூச்சி எந்த மூலையில் முதலில் வருகிறது என்பதை அறிந்தவர்கள் கூட்டத்தில் இல்லாமல், அமைப்பு எப்படிச் சரியான தீர்மானம் எடுக்கும்? காணி யாருடையது என்று கேட்பதை விட்டு, செய்கை யாருடையது என்று கேட்டு ஏட்டை எழுதச் செய்வதற்கு எங்களுக்கு மூன்று பொதுக்கூட்டங்கள் சென்றன.

அடுத்தது சந்தை. பத்து வீதக் கழிவைப் பற்றி இங்கே இதுவரை ஒருவரும் பேசாதது எனக்கு வியப்பாக இருக்கிறது. நூறு கிலோ கத்தரிக்காய் கொண்டுபோனால் தொண்ணூறு கிலோவுக்குத்தான் பணம். பழுதாகும், காயும், மண் ஒட்டியிருக்கும் என்று காரணம் சொல்கிறார்கள். விடியப் பறித்து, துடைத்து, பழுதை வீட்டிலேயே விலக்கிவிட்டுக் கொண்டுபோன காய்க்கும் அதே பத்துத்தான். கழிக்கக்கூடாது என்று கூட்டங்களில் தீர்மானித்ததும் உண்டு. ஆனால் தராசடியில் தனியாக நிற்கும் ஒருத்தி அந்தத் தீர்மானத்தைச் சொல்லிக் கேட்டால், அப்படியென்றால் வேறு இடம் பாருங்கள் என்பார்கள். வெயில் ஏற ஏறக் காய் வாடும். அவர்களுக்கு அவசரம் இல்லை, எங்களுக்கு இருக்கிறது.

நாங்கள் செய்தது சிறிய காரியம். அமைப்புப் பணத்தில் ஒரு தராசு வாங்கினோம். பத்துப் பதினைந்து பேருடைய காய்களை ஊரிலேயே நிறுத்து, துண்டில் எழுதி, ஒரே லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி, இரண்டு பேர் கூடப் போகத் தொடங்கினோம். ஆயிரம் கிலோ ஒன்றாகப் போய் இறங்கும்போது பேச்சு மாறுகிறது. முதல் கிழமை ஒருவரும் அசையவில்லை. ஒரு நாள் காய்களை இறக்காமலே அடுத்த சந்தைக்குக் கொண்டுபோனோம், ஏற்றுக்கூலி நட்டந்தான். இரண்டாவது கிழமை ஒரு வியாபாரி கழிவில்லாமல் எடுக்கச் சம்மதித்தார். அனைவரும் மாறவில்லை. அந்த ஒருவர் இன்றும் கழிக்காமல் எடுக்கிறார்.

பொஸ்ரன் பனி எழுதியது:

நான் அராலியில் பிறந்து, இப்போது அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்தில் வாழ்பவன். இங்கும் பல சிற்றூர்களில் சம்பளம் இல்லாத விவசாயக் குழுக்கள் இருக்கின்றன என்பதைச் சொல்லலாம் என்று நினைத்தேன். ஊர்ப் பொதுக்கூட்டத்தில் வாக்கெடுத்து அவற்றை அமைக்கிறார்கள். பசளை பங்கிடுவது அவற்றின் வேலை அல்ல. காணியைக் காப்பதும் அயலவர் பிணக்கைத் தீர்ப்பதும் முக்கிய அலுவல்கள். நகரத்திலிருந்து வந்து வீடு வாங்கியவர், பக்கத்துப் பண்ணையின் எரு மணக்கிறது, விடிய உழவு இயந்திரம் சத்தமிடுகிறது என்று முறையிட்டால், இந்தக் குழு இரு தரப்பையும் இருத்திப் பேசும். விவசாயம் செய்யும் உரிமையை ஊர் மதிக்கிறது என்று உள்ளூர் விதி இயற்றி, ஊர் எல்லையிலே பலகை நட்டிருக்கும் இடங்களும் உண்டு. பயிர் நிலமாகப் பதிந்து குறைந்த வரி கட்டிய காணியை வீடு கட்டுவதற்கென்று விற்க முற்பட்டால், அதே விலைக்கு வாங்கும் முதல் உரிமை 120 நாள்களுக்கு ஊருக்கு உண்டு. வாங்குவதா விடுவதா என்று ஊர் முடிவெடுக்கும்போது விவசாயக் குழுவின் கருத்தையும் கேட்பார்கள்.

கடந்த முறை ஊருக்கு வந்தபோது, என் தாய்மாமன் புகையிலை வைத்த செம்மண் தோட்டம் துண்டு துண்டாக அளந்து, எல்லைக்கல் போட்டு, வீட்டுக் காணியாக விற்பனைக்கு நின்றதைப் பார்த்தேன். விற்பவர் கனடாவில் இருக்கும் உறவினர். அவரைக் குறை கூற எனக்கு உரிமை இல்லை, என் சொந்தக் காணியும் பற்றையாகத்தான் கிடக்கிறது.

வழுக்கியாறு எழுதியது:

தம்பி, வயலை மண் போட்டு நிரப்புவதற்கு நமது சட்டத்திலும் தடை உண்டு. கமநல ஆணையாளர் நாயகத்தின் எழுத்து அனுமதி இல்லாமல் செய்ய முடியாது. இரவோடு இரவாக மண் கொட்டுகிறவர்களைப் பற்றி அறிவிக்கக்கூடிய கண்கள் ஊரமைப்பிடந்தான் இருக்கின்றன. செம்மண் தோட்டக் காணிக்கு அவ்வளவு இறுக்கமான காவல் கிடையாது. ஆகையால் விற்பதைத் தடுப்பது பற்றி நான் பேசமாட்டேன். சும்மா கிடக்கும் காணியைப் பற்றிப் பேசுவோம்.

வெளிநாட்டிலுள்ள சொந்தக்காரர் குத்தகைக்குக் கொடுக்கத் தயங்குவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. வயல் குத்தகைக்காரருக்கு 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டக் காலத்திலிருந்தே சட்டப் பாதுகாப்பு உண்டு. கொடுத்தால் காணி திரும்பாது என்ற பயம் அந்தக் காலத்தில் தோட்டக் காணிக்கும் பரவி, இன்னும் போகவில்லை. அமைப்பு நடுவில் நின்று, எத்தனை ஆண்டு, என்ன தொகை, கிணற்றை யார் இறைத்துத் துப்புரவாக்குவது, பனையிலும் பூவரசிலும் யாருக்கு உரிமை என்பவற்றை எழுத்தில் வைத்து இரு தரப்புக்கும் சாட்சியாக ஒப்பமிட்டால் அந்தப் பயம் குறையும். எங்கள் ஊரில் அப்படி நாலு காணிகள் திறந்திருக்கின்றன. ஐந்தாவதாக உங்கள் காணியை எழுதிக்கொள்ளலாமா?

பொஸ்ரன் பனி எழுதியது:

எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. ஒன்பது பரப்பு, கிணறு உண்டு, கட்டு உடைந்திருக்கிறது. விபரங்களைத் தனிமடலில் அனுப்புகிறேன். முதல் இரண்டு ஆண்டுகளுக்குக் குத்தகைப் பணம் வேண்டாம், அதற்குப் பதிலாகக் கிணற்றைக் கட்டித்தந்தால் போதும்.

வாழைத் தோட்டம் எழுதியது:

போதனாசிரியர் ஐயா கூறிய பயிர்ப்பதிவேடு எங்கள் ஊரில் தொடங்கினால் அயல்தோட்டக்காரனாகக் கையொப்பமிட நான் வருவேன். கூட்டத்துக்கு வருவதைப் பற்றி அதன் பிறகு யோசிக்கிறேன்.

செம்மண் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. நேற்றுப் பின்னேரம் தலைவரும் நானும், அக்கா ஒருவரும் எங்கள் வெளியின் வாய்க்காலை முழுவதும் நடந்து பார்த்தோம். அந்த அக்காவின் பெயர் எங்கள் உறுப்பினர் ஏட்டில் இல்லை. எட்டுப் பரப்பு வயல் விதைப்பவர். மூன்று மதகுகள் அடைத்திருக்கின்றன. மேற்குப் பக்க மதகில் அரைவாசிக்குக் கட்டிட இடிபாட்டுக் கல் கொட்டிக் கிடக்கிறது. அதைப் பிரதேச சபையின் உதவியோடுதான் அகற்றலாம், கடிதம் எழுதியிருக்கிறேன். மற்ற இரண்டையும் நாங்களே செய்யலாம்.

இன்றிரவு கூட்டறிக்கைப் புத்தகத்தில் புதிய பக்கத்தைத் திறந்து, நடந்து பார்த்தவர்களின் பெயர்களையும், மதகுகளின் நிலையையும், செய்கைக்காரர் பெயரில் உறுப்பினர் ஏட்டைத் திருத்தி எழுதும் பிரேரணையையும் பதிந்தேன். தராசு வாங்குவதற்கு எங்கள் கணக்கில் தற்போது பணம் போதாது. தை அறுவடைக்குப் பிறகு பார்ப்போம்.

வரும் சனிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கிழக்கு மதகடியில் கூடுகிறோம். அலவாங்கு இரண்டு இருக்கிறது. நீளப் பிடிக் கத்தி வைத்திருக்கும் அயலூரவர் எவராவது இதை வாசித்தால் கொண்டுவந்து உதவுங்கள்.